எதை வாங்குவது, எதை வீட்டில் அரைப்பது: கடாய்ச் சமையலுக்கான சாஸ்கள்

பருத்திப்பட்டு ஏரிப் பூங்காவில் நடையை முடித்தவர்கள் ஆவடி – பூந்தமல்லி சாலைக்கு வரும் மாலை நேரத்தில், சாலையோர பாஸ்ட் புட் கடைகளில் அடுப்பு சீறத் தொடங்கியிருக்கும். மாஸ்டரின் கைக்கெட்டும் தூரத்தில் டப்பாக்கள் வரிசையாக நிற்கும். சோயா சாஸ், பச்சை மிளகாய் சாஸ், சிவப்பு மிளகாய் சாஸ், தக்காளி சாஸ், வினிகர், வெள்ளை மிளகுத்தூள், உப்பு, அஜினோமோட்டோ. கரண்டியின் நுனி ஒவ்வொரு டப்பாவையும் தொட்டு வர ஐந்து விநாடிகூட ஆகாது. ஒரு பிளேட் ஃபிரைடு ரைஸ் முடிந்துவிடும்.

அதே சுவையை வீட்டில் எட்டிப்பிடிக்க நினைக்கும் குடும்பம் முதலில் செய்வது, அந்த வரிசையை அப்படியே வாங்கி வருவதுதான். மாதச் சாமானோடு ஐந்தாறு பாட்டில்கள் வீடு வந்து சேர்கின்றன. ஞாயிற்றுக்கிழமை நூடுல்ஸுக்கு ஒருமுறை, பிள்ளைகள் கேட்டதற்காகக் கோபி மஞ்சூரியனுக்கு ஒருமுறை எனத் திறந்தபின், அவை பிரிட்ஜ் கதவில் மாதக்கணக்கில் நிற்கின்றன. இன்னொரு பக்கம், கடைச் சாஸ் எதுவும் வேண்டாம், எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிடலாம் என்று இறங்குபவர்களும் உண்டு. இரண்டு வழியிலும் காசும் உழைப்பும் வீணாகின்றன. எந்தச் சாஸின் சுவை எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் தேர்வு எளிது. மாதக்கணக்கில் புளித்து உருவாகும் சுவையை விலைக்கு வாங்கலாம். மிளகாயும் பூண்டும் எண்ணெயில் வதங்கி உருவாகும் சுவையை வீட்டில் செய்யலாம். இரண்டையும் கலந்து, மாவும் சர்க்கரையும் சேர்த்து, ‘ஸ்டிர் ஃபிரை சாஸ்’ என்று விற்கும் பாட்டிலை வாங்கத் தேவையே இல்லை.

சோயா சாஸ்: வாங்க வேண்டியது

சோயா சாஸை வீட்டில் செய்யும் முறை என்று பரவலாகச் சொல்லப்படுவது, சோயா பயறை வேகவைத்து, மாவும் உப்பும் சேர்த்துக் கொதிக்கவிட்டு வடிகட்டுவது. அதில் கிடைப்பது உப்பு போட்ட பயற்றுச்சாறு. உண்மையான சோயா சாஸுக்கு வேகவைத்த சோயாவையும் வறுத்து உடைத்த கோதுமையையும் கலந்து, ‘ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே’ என்ற பூஞ்சையை அதன்மேல் வளர்க்க வேண்டும். சுமார் 30 டிகிரி வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை படரும். பிறகு அதை அடர்த்தியான உப்பு நீரில் போட்டு மாதக்கணக்கில் ஊறவிட வேண்டும். ஜப்பானிய முறையில் இதற்கு ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும். அந்தக் காலத்தில்தான் சோயாவின் புரதம் உடைந்து குளுட்டமேட்டாகவும், கோதுமையின் மாவுச்சத்து சர்க்கரையாகவும் மாறுகின்றன. நாவில் நிற்கும் அந்த ஆழமான ருசிக்குக் குறுக்குவழி கிடையாது.

வீட்டில் பூஞ்சை வளர்க்கத் துணிவது ஆபத்தும்கூட. இந்தப் பூஞ்சைக்கு நெருங்கிய உறவான ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ், அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கக்கூடியது. சென்னையின் புழுக்கத்தில் தட்டில் பரப்பிய ஈரப் பயற்றின் மேல் எது முளைக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே சோயா சாஸ் கடையில் வாங்க வேண்டிய பொருள். எந்தப் பாட்டில் என்பதில்தான் கவனம் வேண்டும்.

சோயா சாஸ் என்ற பெயரில் இரண்டு வகைச் சரக்கு விற்கிறது. ஒன்று மேலே சொன்னபடி புளிக்கவைத்தது. மற்றொன்றில், எண்ணெய் எடுத்த சோயாச் சக்கையை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்து, சில நாளிலேயே புரதத்தை உடைத்து, அமிலத்தை முறித்து, கேரமல் நிறமும் சர்க்கரையும் சேர்க்கிறார்கள். இப்படி உடைக்கும்போது சக்கையில் மிஞ்சியிருக்கும் கொழுப்பும் அமிலமும் சேர்ந்து 3-எம்சிபிடி என்ற தீங்கான வேதிப்பொருள் உருவாகலாம். 2001-இல் பிரிட்டனின் உணவுத் தர முகமை கடைகளில் எடுத்துச் சோதித்த சோயா சாஸ்களில் சிலவற்றில் இது அளவுக்கு மீறி இருந்தது. அவை விற்பனையிலிருந்து விலக்கப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் இன்று சோயா சாஸில் அனுமதிக்கும் உச்ச வரம்பு கிலோவுக்கு 0.02 மில்லிகிராம். முறையாகக் கட்டுப்படுத்தித் தயாரித்தால் இதைக் குறைக்க முடியும் என்றாலும், இயற்கையாகப் புளித்த சாஸில் அந்தக் கவலையே எழுவதில்லை. ருசியிலும் அதுவே மேல்.

லேபிளைத் திருப்பினால் வித்தியாசம் தெரிந்துவிடும். இந்திய விதிப்படி மூலப்பொருள்களை எடையின் இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும். தண்ணீர், சோயா, கோதுமை, உப்பு என்று பட்டியல் சுருக்கமாக இருந்து, ‘இயற்கையாகப் புளிக்கவைத்தது’ என்ற குறிப்பும் இருந்தால் நல்லது. தண்ணீர், சர்க்கரை, உப்பு, கேரமல் நிறம் என்று தொடங்கி, ‘ஹைட்ரலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன்’ என்ற பெயர் நடுவில் வந்தால், அது இரண்டாவது வகை. விலை குறைவாக இருப்பதற்கும் அதுவே காரணம். வீட்டில் சோயா சாஸ் செலவாகும் வேகத்துக்குச் சிறிய பாட்டிலே பல வாரம் வரும். கூடுதல் விலை ஒரு வேளைச் சமையலில் சில ரூபாய்க்கு மேல் தெரியாது. இந்த ஒரு பொருளில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கோதுமை ஒவ்வாதவர்கள் வீட்டில் இருந்தால் ‘ஒவ்வாமை’ அறிவிப்பையும் படிக்க வேண்டும். சோயா சாஸில் கோதுமை இருப்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சைவ வீடுகளில் பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்குவது அவசியம். ஆய்ஸ்டர் சாஸ் சிப்பியிலிருந்தும், ஃபிஷ் சாஸ் மீனிலிருந்தும் வருபவை.

எண்கள் சொல்வது

சில்லி சாஸ், தக்காளி சாஸ் பாட்டில்களின் பின்புறம் எண்களாகவே இருக்கும். 211 என்பது சோடியம் பென்சோயேட், 202 பொட்டாசியம் சார்பேட். இரண்டும் கெடாமல் காப்பவை. 260 அசிட்டிக் அமிலம். 415 சாந்தன் கம், சாஸைக் கெட்டியாக நிறுத்துவது. 150 என்று தொடங்குபவை கேரமல் நிறங்கள். 110, 122, 124 ஆகியவை செயற்கை மஞ்சள், சிவப்பு நிறங்கள். அனுமதித்த அளவுக்குள் இருக்கும் பாதுகாப்புப் பொருளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நல்ல மிளகாய் போட்ட சாஸுக்குச் செயற்கைச் சிவப்பு எதற்கு என்ற கேள்வியை மட்டும் கேட்டே ஆக வேண்டும்.

621 என்பது மோனோசோடியம் குளுட்டமேட், அதாவது அஜினோமோட்டோ. 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தது. 2015 ஜூனில் மேகி நூடுல்ஸ் விவகாரம் வெடித்தபோது தமிழ்நாடு அரசும் மூன்று மாதத் தடை போட்டது. அந்த நாள்முதல் இந்தப் பெயர் வீடுகளில் பயத்தோடுதான் உச்சரிக்கப்படுகிறது. அப்போது எழுந்த புகார்களில் முக்கியமானது காரீயம் பற்றியது என்பது மறந்துபோய், அஜினோ மட்டும் நினைவில் தங்கிவிட்டது. தக்காளியிலும் புளித்த சோயா சாஸிலும் குளுட்டமேட் இயல்பாகவே இருக்கிறது. ஓராண்டுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு வேண்டாம் என்பது சரியான எச்சரிக்கை. மற்றவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது உப்பைத்தான்.

ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் வரம்பு 2,000 மில்லிகிராமுக்குள். ஒருவர் சாப்பிடும் ஒரு தட்டில் ஒரு கரண்டி சோயா சாஸும், கொஞ்சம் சில்லி சாஸும், தக்காளி சாஸும், மேலே ஒரு சிட்டிகை உப்பும் விழுந்தால் நாளின் கணக்கில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் உள்ள வீட்டில் இது விளையாட்டல்ல. சோயா சாஸ் போடும் சமையலில் தனியாக உப்புப் போடும் பழக்கத்தை நிறுத்தி, கடைசியில் ருசி பார்த்துத் தேவையானால் மட்டும் சேர்ப்பது நல்லது. சில்லி சாஸை வீட்டில் செய்வதன் பெரிய ஆதாயமும் இதுதான்; அதன் உப்பு நம் கையில் இருக்கிறது.

ஷெஸ்வான் சாஸ்: வீட்டில் செய்ய வேண்டியது

இந்தியச் சீனச் சமையலின் தாய்வீடு கொல்கத்தா. அங்கு குடியேறிய சீனக் குடும்பங்கள் நடத்திய சிங் சியுங், பௌ சோங் போன்ற சாஸ் தயாரிப்பு நிலையங்கள் 1950-களில் தொடங்கியவை. பச்சை மிளகாய் சாஸ் என்ற, சீனாவில் அந்த வடிவில் இல்லாத பொருளை இந்திய நாக்குக்காக ஆக்கிப் பரப்பியதில் அவர்களின் பங்கு பெரிது. மும்பையில் நெல்சன் வாங் 1975-இல் பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாயை வதக்கி, சோயா சாஸும் சோள மாவும் கூட்டிச் சிக்கன் மஞ்சூரியனை உருவாக்கினார். அந்த முறையை உற்றுப் பார்த்தால் அதில் வெளியிலிருந்து வாங்கியது சோயா சாஸ்தான். மற்றவை எந்த இந்திய அடுக்களையிலும் இருப்பவை. ஷெஸ்வான் சாஸும் அப்படியே. சீனாவின் சிச்சுவான் மாகாணத்துக்கே உரிய, நாக்கை மரக்கச் செய்யும் மிளகு அதில் இல்லை. காய்ந்த மிளகாய், பூண்டு, இஞ்சி, எண்ணெய், வினிகர் சேர்ந்த காரச் சட்னி அது. அம்மியில் மிளகாய்ச் சட்னி அரைத்துப் பழகிய ஊருக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை.

நிறத்துக்குக் காஷ்மீரி அல்லது பியாடகி மிளகாய் பதினைந்து. காரத்துக்கும் மணத்துக்கும் குண்டு மிளகாய் ஐந்தாறு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் இதற்கு மிகப் பொருத்தம். விதையை உதறிவிட்டு, வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து நைசாக அரைக்க வேண்டும். கால் கப் நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெயில் பொடியாக நறுக்கிய பூண்டு மூன்று மேசைக்கரண்டி, இஞ்சி ஒரு மேசைக்கரண்டி போட்டு, பூண்டு பொன்னிறம் ஆகும் முன்பே மிளகாய் விழுதைச் சேர்த்து, தீயைக் குறைத்து, எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை கிளற வேண்டும். இந்தக் கட்டத்தில் அவசரம் கூடாது. பச்சை வாசனை போகப் பத்து நிமிடமாவது பிடிக்கும். பிறகு சோயா சாஸ் இரண்டு தேக்கரண்டி, சர்க்கரை அல்லது வெல்லத்தூள் ஒரு தேக்கரண்டி, வினிகர் இரண்டு மேசைக்கரண்டி, சிறிது உப்பு. ஒரு கொதி வந்ததும் இறக்கலாம்.

நிறம் போதவில்லை என்று யாரும் கலர்ப் பொடியைத் தேட வேண்டாம். 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனிலும் பஞ்சு மிட்டாயிலும் செயற்கை நிறங்களைத் தடை செய்தது. அங்கு சோதித்த 171 கோபி மஞ்சூரியன் மாதிரிகளில் 107 பாதுகாப்பற்றவை எனத் தெரியவந்ததே காரணம். பியாடகி மிளகாய் தரும் சிவப்பே போதும்.

வீட்டுச் சாஸில் உண்மையான அபாயம் ஒன்று உண்டு. அதைப் பற்றிச் சமையல் குறிப்புகள் பெரும்பாலும் பேசுவதில்லை. பூண்டு மண்ணில் விளைவது; அதன்மேல் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். அவை சாதாரணக் கொதியில் சாவதில்லை. காற்றுப் புகாத எண்ணெய்க்குள், அமிலம் குறைவான பூண்டோடு, அறை வெப்பத்தில் வைத்தால் அவை வளர்ந்து நஞ்சு கக்கும். 1985-இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் உணவகம் எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டைக் குளிரூட்டாமல் வைத்திருந்தது. அதை உண்ட 36 பேர் நரம்பு செயலிழக்கும் நோய்க்கு ஆளானார்கள். நியூயார்க்கில் 1989-இலும் இதே காரணத்தால் சிலர் பாதிக்கப்பட்டபின், கடையில் விற்கும் எண்ணெய்ப் பூண்டுக்கு அமிலம் சேர்ப்பதை அமெரிக்கா கட்டாயமாக்கியது. அந்த நஞ்சு வாசனையிலோ நிறத்திலோ தெரியாது. முகர்ந்து பார்த்து ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்வதில் பொருளில்லை.

மேலே சொன்ன முறையில் வினிகரைக் குறைக்கக் கூடாது என்பதன் காரணம் இதுவே. வினிகர் இருந்தும், அமில அளவை வீட்டில் அளக்க வழியில்லாததால், சாஸை ஆறியவுடன் பிரிட்ஜில் வைத்து நான்கு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். மிச்சத்தை ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் உறையவைத்தால் இரண்டு மாதம்வரை ருசி குறையாது. ஒரு கட்டி, ஒரு தட்டு ஃபிரைடு ரைஸுக்குச் சரியாக இருக்கும். ஊறுகாய் ஜாடிபோல அலமாரியில் வைக்கும் எண்ணமே வேண்டாம். ஊறுகாயைக் காப்பது அதன் உப்பும் புளிப்பும். இந்தச் சாஸில் அவ்வளவு கிடையாது.

வீட்டில் செய்தது எல்லாமே பாதுகாப்பு என்ற நம்பிக்கைக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு மறுப்பு கிடைத்திருக்கிறது. பச்சை முட்டையில் அடித்த மயோனைஸை மாநில அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது. சால்மோனெல்லா, ஈ. கோலை போன்ற கிருமிகள் அதில் எளிதில் பெருகும் என்பதே காரணம். கடைகளுக்கான அந்த உத்தரவின் பின்னால் இருக்கும் அறிவியல் வீட்டு மிக்ஸிக்கும் பொருந்தும். மயோனைஸ் வேண்டுமானால் முட்டை சேராத பாட்டில் வாங்குவதே சரி.

கடாயில் ஊற்றும் நேரம்

நல்ல சாஸ் கையில் இருந்தும் வீட்டு ஃபிரைடு ரைஸ் சொதசொதவென்று ஆவது ஏன்? பாஸ்ட் புட் கடையின் அடுப்பு பீறிடும் தீ. வீட்டு கேஸ் அடுப்பின் பெரிய பர்னர் சுமார் இரண்டு கிலோவாட். அதிலும் பாதிக்குச் சற்று மேல்தான் கடாய்க்குள் போகிறது. 50 மில்லி நீரைச் சூடாக்கி முழுவதும் ஆவியாக்க அதற்கு ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் வேண்டும். நீர்த்த சாஸை கால் கப் ஊற்றினால், அந்த இரண்டு நிமிடமும் கோஸும் பீன்ஸும் வதங்குவதை விட்டு வேகத் தொடங்கும். தாமும் நீர் விடும். மலிவான சில்லி சாஸ்களில் முதல் மூலப்பொருள் தண்ணீர் என்பது இங்கேதான் உறைக்கிறது. வதக்கி நீர் வற்றிய வீட்டுச் சாஸ் ஒரு கரண்டி போட்டால், கடாயின் சூடு இறங்குவதில்லை.

ஆகவே சோறு, நூடுல்ஸ் போன்ற உலர் வகைகளில் சோயா சாஸைச் சோற்றின் மேல் ஊற்றாமல், சூடான கடாயின் ஓரத்தில் ஊற்ற வேண்டும். அது அங்கேயே பொரிந்து மணம் விட்டுப் பிறகு கலக்கும். இனிப்பு உள்ள தக்காளி சாஸ் கடைசியில். முன்பே போட்டால் அடிப்பிடிக்கும். இரண்டு பேருக்கு ஒரே கடாயில் செய்வதைவிட, ஒரு தட்டு ஒரு தட்டாகச் செய்வது மேல்.

கிரேவி வகைக்குக் கணக்கு வேறு. அங்கே நீரை ஆவியாக்கத் தேவையில்லை, கட்ட வேண்டும். சோள மாவு 70 டிகிரியை ஒட்டியே இறுகத் தொடங்கிவிடும். ஆயத்த ஸ்டிர் ஃபிரை சாஸ் பாட்டில் செய்வதும் இதுதான். அதன் பட்டியலில் தண்ணீர், சர்க்கரை, மாவு, கொஞ்சம் சோயா சாஸ் என்றே இருக்கும். இரண்டு பேருக்குச் சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, வெல்லம் அல்லது சர்க்கரை ஒரு தேக்கரண்டி, சோள மாவு ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, ஆறிய நீர் அல்லது காய்கறி வெந்த நீர் மூன்று மேசைக்கரண்டி. ஒரு டம்ளரில் கட்டியில்லாமல் கலக்கி, அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். காய் முக்கால் பதம் வதங்கியதும் மறுபடி ஒரு கலக்கு கலக்கி ஊற்றினால் ஒரு நிமிடத்தில் பளபளவென்று பிடிக்கும். வினிகரை இறக்கியபின் சேர்ப்பது நல்லது. புளிப்போடு நெடுநேரம் கொதித்தால் மாவின் பிடிப்பு தளர்ந்துவிடும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் ஒருவருக்கு மிளகாய் ஊறவைக்கச் சொல்வது நியாயமில்லை. அவருக்கு ஃப்ரீசரில் உறைந்த கட்டி உதவும். அதுவும் இல்லையென்றால் பாட்டில் ஷெஸ்வானே போதும், உப்பை மட்டும் தனியாகப் போடாமல் இருந்தால் சரி. தக்காளி கெச்சப்பையும் வினிகரையும் வீட்டில் செய்ய யாரும் மெனக்கெட வேண்டாம். கடை வினிகரில் பெரும்பாலானவை அசிட்டிக் அமிலத்தை நீரில் கலந்த செயற்கை வினிகர். லேபிளில் ‘சிந்தெடிக்’ என்று இருக்கும். கரும்பு அல்லது அரிசியிலிருந்து புளித்த வினிகரின் மணம் மென்மையானது, கிடைத்தால் அதை எடுக்கலாம்.

வினிகரே வேண்டாம் என்பவர்களுக்குச் சென்னையில் வேறொரு பழக்கம் தயாராக இருக்கிறது. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோவில் சோயா சாஸுக்கு வேலையே இல்லை. பாரிமுனை பர்மா பஜாரை ஒட்டிய தெருக்களில் தொடங்கி நகரெங்கும் வண்டிக்கடைகளுக்குப் பரவிய அந்த நூடுல்ஸின் சுவை புளித்தண்ணீர், வறுத்த மிளகாய்த்தூள், பூண்டு பொரித்த எண்ணெய், பொரித்த வெங்காயம் ஆகியவற்றிலிருந்து வருகிறது. நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, பாதியாகச் சுண்டக் காய்ச்சி, கொரகொரப்பான மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டியும் சிறிது வெல்லமும் சேர்த்தால் நான்கு பேருக்கான காய் வதக்கலுக்குப் போதும். கோஸ், கேரட், வெங்காயத்தாள் மூன்றும் பெரிய தீயில் வதங்கியபின் இதைக் கடாயின் ஓரமாக ஊற்றிப் புரட்டி, பூண்டெண்ணெயை அன்றன்றைக்குப் பொரித்து மேலே விட வேண்டும். மிஞ்சிய பூண்டெண்ணெயை மறுநாளைக்கு எடுத்துவைப்பதில்லை.